ஸ்டுட்கார்ட் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தாரோடு பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், சிண்டல்ஃபிங்கன், எஸ்லிங்கன் பக்கம் கார் கம்பெனி வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் வந்து வாடகை வீடு பிடிப்பவர்கள் முதல் வருஷத்தில் கேட்கிற கேள்விகள் இவை. "எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது" என்ற புலம்பல்தான் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருக்கிறது. இங்கே பழக்கம் பேச்சில் தொடங்குவதில்லை. படிக்கட்டு, குப்பைத்தொட்டி, பார்சல், சாவி என்று எல்லோருக்கும் பொதுவான வேலைகளில்தான் தொடங்குகிறது. விதிகள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். வாடகை ஒப்பந்தத்தோடு ஹவுஸ்ஓர்ட்னுங் என்ற வீட்டு விதித் தாள் ஒன்று தருவார்கள். நாம் இங்கே சொல்வதற்கும் அதற்கும் முரண்பட்டால் அந்தத் தாளே சரி.

புதிதாகக் குடிவந்திருக்கிறோம். அவர்களாக வந்து விசாரிப்பார்களா?

மாட்டார்கள். நம் ஊரில் சாமான் இறக்கும்போதே பக்கத்து வீட்டம்மா காபியோடு வந்துவிடுவார். இங்கே முறை தலைகீழ்: புதிதாக வந்தவர்தான் போய் மணி அடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் செய்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் இரு தரப்புக்கும் கூச்சமாக இருக்கும்.

வார நாளில் மாலை 5 முதல் 7 வரை, அல்லது சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை நல்ல நேரம். மதியம் 1 முதல் 3 வரை வேண்டாம். ஞாயிறு இரவு 8.15க்கு மேல் வேண்டவே வேண்டாம். 1970 முதல் ஓடும் 'டாட்டோர்ட்' துப்பறியும் தொடருக்குப் பாதி தேசம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. உங்கள் தளத்தில் உள்ளவர்கள், நேர் மேல்வீடு, நேர் கீழ்வீடு ஆகியோரைக் கட்டாயம் பாருங்கள். குடும்பப் பெயர், எந்தத் தளம், எத்தனை பேர், குழந்தை உண்டா என்று சொன்னால் போதும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே கூப்பிடவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், வாசல்படியோடு முடிவதுதான் வழக்கம். பரிசுப் பொருளும் தேவையில்லை.

அழைப்புமணியில் என்ன பெயர் போடுவது?

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. கணவருக்கு அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர். பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு பெயர். இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது. தபால்காரரும் பார்சல்காரரும் மணிப்பலகையிலும் தபால்பெட்டியிலும் உள்ள குடும்பப் பெயரை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரே பெயர் போட்டிருந்தால் மனைவி பெயருக்கு வந்த வங்கி அட்டை "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பிப் போகும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உள்ளதை ஒவ்வொருவருக்கும் எடுத்து, இரண்டோ மூன்றோ வந்தால் சாய்கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். மணிப்பலகை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் அதை ஹவுஸ்மைஸ்டர் என்கிற கட்டடப் பராமரிப்பாளரோ நிர்வாக நிறுவனமோதான் மாற்றித் தருவார்கள். அதுவரை கையால் எழுதிய தாளைத் தற்காலிகமாக ஒட்டலாம். அண்டை வீட்டார் உங்களை அழைக்கப்போவதும் இந்தப் பலகையில் உள்ள பெயரால்தான். "சுப்பிரமணியன்" என்று இருந்தால், எப்படி உச்சரிப்பது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் பேசாமலே போகிறவர்கள் நிறைய.

படிக்கட்டில் பார்த்தால் என்ன சொல்வது?

"க்ரூஸ் காட்" அல்லது "ஹலோ". யாராக இருந்தாலும், ஒவ்வொரு முறையும். ஒரே நாளில் மூன்று தடவை பார்த்தால் மூன்றாவது தடவை சிரிப்பு போதும். பிரியும்போது "அடே" என்பார்கள். நம்மைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், ஸ்வாபிய வழக்கில், அதாவது இந்த வட்டாரப் பேச்சில், விடைபெறும் சொல் அது. காதில் ஹெட்போனோடு தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவதைத்தான் அவர்கள் மறப்பதில்லை. மரியாதைப் பன்மையில் பேசுங்கள். ஒருமைக்கு மாறலாம் என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வாசலில் 'கேர்வோஹெ' என்று ஓர் அட்டை தொங்குகிறது. என்ன அது?

இந்த வாரம் படிக்கட்டு சுத்தம் செய்வது உங்கள் முறை என்று அர்த்தம். ஸ்வாபிய நாட்டின் அடையாளமே இதுதான். ஊரைச் சுத்தமாக வைத்திருக்க வாரந்தோறும் அவரவர் குப்பையை அகற்ற வேண்டும் என்று 1492ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைவைத்துக் கூட்டும் கட்டாயத்தை நகராட்சி 1988இல் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தத்திலோ வீட்டு விதியிலோ எழுதியிருந்தால் இன்றும் நீங்கள் செய்தே ஆக வேண்டும். பல கட்டடங்களில் இப்போது துப்புரவு நிறுவனம் வைத்து, செலவை வாடகையோடு வசூலிக்கும் உபசெலவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் கட்டடம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

சின்ன முறை, பெரிய முறை என்று இரண்டு உண்டு. சின்னது உங்கள் தளத்திலிருந்து அதற்கு அடுத்த கீழ்த்தளம் வரையுள்ள படி, படி திரும்பும் இடம், கைப்பிடி, ஜன்னல் விளிம்பு. ஒரே தளத்தில் இரண்டு வீடு இருந்தால் வாரம் மாற்றி வாரம் வரும். பெரியது நிலவறைப் படி, நுழைவாயில், குப்பைத்தொட்டி இடம், நடைபாதை. பனிக்காலத்தில் பனி அள்ளுவதும் பெரும்பாலும் இதோடு சேரும். எல்லா வீடுகளுக்கும் சுற்றி வருவதால் வருஷத்தில் சில தடவைதான் வரும்.

செய்யும் விதம்: கால்மிதிகளை, அடுத்த வீட்டுக்காரருடையதையும் சேர்த்து, எடுத்து வெளியே உதறுங்கள். மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். வாளியில் 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மூடி அளவு தரைத் திரவம் போதும். மாப்பை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். மரப்படி என்றால் ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிய வேண்டும். காய்ந்ததும் மிதியைத் திரும்பப் போடுங்கள். நம் வீட்டு வழக்கப்படி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கீழ்த்தளச் சுவரில் வழிந்து கறை விழும், யாராவது வழுக்குவார்கள். திரவம் அதிகமானால் படி பிசுபிசுத்து, மறுநாளே காலடித் தடம் தெரியும்.

சனிக்கிழமை பகலில் செய்வது நல்லது. சுத்தமாவது மட்டுமல்ல காரணம்: அந்த நேரத்தில்தான் எல்லோரும் கடைக்குப் போய் வருகிறார்கள், மாப்பும் கையுமாக உங்களைப் பார்க்கிறார்கள், நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். ஒரு வருஷம் ஹலோ சொல்லி வராத பேச்சு அதில் வந்துவிடும். முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவுக் குமிழில் மாட்டுங்கள். ஞாயிறு துடைப்பம் எடுக்க வேண்டாம்.

நாலு வாரம் ஊருக்குப் போகிறோம், நடுவில் எங்கள் முறை வருகிறதே?

விடுமுறை என்பதால் முறை தள்ளிப் போகாது. இரண்டு வாரம் முன்பே எதிர்வீட்டில் கேட்டு வாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தேதியை எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் கேட்காமலே அவர்களுடைய வாரத்தைச் செய்துவிடுங்கள். இப்படி ஒரு தடவை மாற்றிக்கொண்டால் அடுத்து அவர்களும் தயங்காமல் கேட்பார்கள்.

பனி அள்ளுவது என்றால் பொதுவாக வார நாளில் காலை 7 மணிக்குள் ஒருவர் தாராளமாக நடக்கும் அகலத்துக்கு வழி இருக்க வேண்டும். உப்பு தூவுவதைப் பல நகராட்சிகள் தடை செய்திருக்கின்றன; பொடிக்கல் தூவுங்கள். கண்காணாத தூரத்தில் சென்னையில் இருக்கும்போது வழுக்கி விழுந்தவர் நஷ்டஈடு கேட்டால் சிக்கல் உங்களுக்குத்தான், ஆகவே குளிர்காலப் பயணத்தில் இந்த மாற்று ஏற்பாட்டை வாய்ப்பேச்சோடு விட வேண்டாம்.

அடுத்தவர் பார்சலை வாங்கி வைக்கலாமா?

வாங்குங்கள். கட்டாயமில்லை, ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இதைவிடச் சுலபமான அறிமுகம் கிடையாது. ஆள் இல்லாவிட்டால் பார்சல்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தேன் என்று பெட்டியில் சீட்டு போடுவார், அல்லது செயலியில் காட்டும். சீட்டு போடாமல் போவதும் உண்டு. அதனால் நீங்களே ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயர், தளம், எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று எழுதி அவர்கள் கதவிடுக்கில் வையுங்கள்.

உங்கள் பார்சல் அவர்களிடம் இருந்தால் அன்று மாலையே போய் வாங்குங்கள். இரண்டு நாள் விட்டால் அவர்கள் வீட்டு நடைவழியில் பெட்டி இடிபடும். மாதம் பத்துப் பார்சல் வரவழைக்கும் வீடு என்றால் அண்டை வீட்டார் தலையில் கட்டாமல் தானியங்கிப் பார்சல் பெட்டிக்கு முகவரி மாற்றுங்கள். வாங்கி வைத்த பார்சல் தொலைந்தால் பொறுப்பு வரக்கூடும் என்பதால் வாசலில் போட்டு வைக்காதீர்கள்.

சாவியை அடுத்த வீட்டில் கொடுத்து வைப்பது பாதுகாப்பா?

கொடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. வீட்டுக் கதவை வெளியிலிருந்து பாருங்கள்: திருகும் கைப்பிடி இருக்காது, அசையாத ஒரு குமிழ்தான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போட லுங்கியோடு கீழே போனவர், காற்றில் கதவு 'டப்'பென்று மூடியதும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உள்பக்கம் பூட்டில் சாவியைச் செருகியபடி விட்டிருந்தால், வெளியிலிருந்து மாற்றுச் சாவி போட்டாலும் பல பூட்டுகள் திறக்காது. இரு பக்கமும் சாவி ஏற்கும் பூட்டுருளை தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாத வீட்டில் சாவியை உள்பக்கம் செருகி வைக்கும் பழக்கத்தை விட்டு, கதவருகே ஆணியில் மாட்டுங்கள்.

படிக்கட்டில் பேசிப் பழகி, நாலைந்து மாதம் ஆன பிறகு கேளுங்கள். வெளியூர் போகும்போது தபால்பெட்டியைக் காலி செய்யவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் உதவி கேட்பதுதான் இயல்பான தொடக்கம். எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை குவளை என்று எழுதி வையுங்கள். 'கொஞ்சம் ஊற்றுங்கள்' என்று விட்டால் கறிவேப்பிலைச் செடியை மூழ்கடித்துவிடுவார்கள். குளிர்காலத்தில் அதற்கு மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் போதும். சாவியைக் கொடுக்கும்போது எத்தனை சாவி என்று சொல்லிக் கொடுங்கள். வாடகை வீட்டுச் சாவியை நகல் எடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள். கட்டட வாசலையும் உங்கள் வீட்டையும் சேர்த்தே திறக்கும் சாவி தொலைந்தால் மொத்தக் கட்டடப் பூட்டையும் மாற்றும் செலவு வரக்கூடும், அதனால் அண்டை வீட்டாரிடம் உள்ள சாவியில் முகவரிச் சீட்டு கட்டாதீர்கள்.

யாரும் இல்லாத நேரத்தில் மாட்டிக்கொண்டால் உள்ளூர்ப் பூட்டுக்காரரை அழைத்து, போனிலேயே மொத்தத் தொகை பேசிக்கொள்ளுங்கள். வெறுமனே சாத்திய கதவைப் பூட்டை உடைக்காமல் திறக்க முடியும். துளை போட வேண்டும் என்று உடனே சொல்பவரைச் சந்தேகப்படுங்கள்.

மாவு அரைப்பது, மிக்சி, குக்கர் விசில்: எப்போது செய்யலாம்?

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பல வீட்டு விதிகளில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. ஞாயிறும் அரசு விடுமுறையும் முழுநாள் அமைதி. துளையிடுவது, சுத்தியல், பாட்டில் தொட்டியில் கண்ணாடி போடுவது எதுவும் கூடாது. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறு புல்வெட்டும் எந்திரம் ஓட்டுவதற்கு நாடு முழுவதும் சட்டப்படியே தடை.

மேசைக் கிரைண்டரின் சத்தம் உங்களுக்குக் கேட்பதைவிடக் கீழ்வீட்டில் அதிகம் கேட்கும். கல் சுழலும் அதிர்வு மேடை வழியாகச் சுவருக்கும் தளத்துக்கும் இறங்குகிறது. கிரைண்டரைத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். சலவை எந்திரத்துக்கு அடியில் போட விற்கும் கனமான ரப்பர் விரிப்பை வாங்கி, அளவுக்கு வெட்டி அடியில் போடுங்கள். சுவரை விட்டு ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். அரை மணி, முக்கால் மணி ஓடும் வேலையைச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

கிரைண்டரைவிட மோசமானது இடிகல்லில் இஞ்சி பூண்டு நசுக்குவது. அது இடிச்சத்தம், இரண்டு தளம் தாண்டிப் போகும். இடிகல்லுக்கு அடியில் நாலாக மடித்த துண்டு போடுங்கள். மிக்சி அரை நிமிட வேலை என்றாலும் காலை 6.15க்குச் சட்னி அரைத்தால் சட்டம் உங்கள் பக்கம், கீழ்வீட்டுக்காரர் மனசு உங்கள் பக்கம் இருக்காது. முந்தின இரவு 9 மணிக்குள் அரைத்து வையுங்கள். குக்கர் விசில் என்னவென்று தெரியாமல் பயந்தவர்களும் உண்டு. ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

தாளிப்பு வாசனைக்குப் புகார் வருமா?

சமைப்பது உங்கள் உரிமை. பிரச்சினை வருவது, புகை போகட்டும் என்று படிக்கட்டுப் பக்கக் கதவைத் திறந்து வைக்கும்போதுதான். கட்டடம் முழுக்க மிளகாய் நெடி ஏறும். அந்தக் கதவை மூடி, ஜன்னலைச் சாய்த்து வைக்காமல் அகலத் திறந்து 10 நிமிடம் விடுங்கள். பல வாடகை வீட்டுப் புகைபோக்கிகள் காற்றை வெளியே தள்ளுவதில்லை. கரித்துண்டு வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுபவை. அந்த வடிகட்டியைச் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் பயனில்லை. படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிப்பான் கட்டாயம் இருக்கும். சாம்பிராணியை அதற்கு நேர் கீழே ஏற்றாதீர்கள்.

வாசலில் கோலம், செருப்பு அலமாரி?

படிக்கட்டு தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி. அலமாரி வைத்தால் கடிதம் வரும். தரையில் மாக்கோலம் வழுக்கும், அடுத்தவர் ஷூவில் ஒட்டி ஊரெல்லாம் போகும். பலகையிலோ கதவில் ஒட்டும் தாளிலோ போட்டுக்கொள்ளுங்கள்.

குப்பையில் எதைக் கவனிக்க வேண்டும்?

எந்தத் தொட்டியில் எது என்ற பட்டியலை நகராட்சி தரும், ஒட்டி வையுங்கள். அண்டை வீட்டாரை நிஜமாகவே எரிச்சலூட்டுவது இரண்டு. ஒன்று, அட்டைப்பெட்டியை மடிக்காமல் போட்டுக் காகிதத் தொட்டியை ஒரே நாளில் நிரப்புவது. மூட்டுகளைக் கிழித்துத் தட்டையாக்குங்கள். இடமில்லை என்றால் அடுத்த எடுப்பு வரை நிலவறையில் வையுங்கள். இரண்டு, மட்கும் குப்பையைப் பிளாஸ்டிக் பையோடு போடுவது. 2025 மே முதல் இதற்கான விதி இறுகிவிட்டது. பிளாஸ்டிக் கண்டால் தொட்டியை எடுக்காமலே போகலாம், அப்போது நாறுவது எல்லோருக்கும்தான். செய்தித்தாளில் பொதிந்து போடுங்கள். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி, எந்த வகையிலும் சேராத மீதக்குப்பைக்கான தொட்டியில் போடுங்கள்.

பலகாரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொஞ்சமாக. தாம்பாளம் நிறையக் கொடுத்தால் பதிலுக்கு என்ன செய்வது என்ற கவலை அவர்களைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கண்ணாடிச் சாடியில் ஆறேழு முறுக்கு, அல்லது நாலு துண்டு தேங்காய் பர்பி. கிறிஸ்துமஸுக்குத் தேங்காய் பிஸ்கட் சுடுகிற நாடு, அந்தச் சுவை பழகியது. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: கோதுமை, பால், முந்திரி, நிலக்கடலை, எள். ஒவ்வாமை உள்ளவர் கேட்கக் கூச்சப்பட்டுக் குப்பையில் போட வேண்டாமே. சாடி கழுவித் திரும்பி வரும், டிசம்பரில் பிஸ்கட்டோடு வந்தாலும் வரும்.

பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லலாமா?

ஒருபோதும் வேண்டாம். துரதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள். ஒரு நாள் தாமதமாகச் சொன்னால் தவறில்லை.

தீபாவளிக்குப் பட்டாசு?

ராக்கெட், வெடி வகைகளைப் பொதுமக்கள் டிசம்பர் 31, ஜனவரி 1 தவிர வேறு நாளில் அனுமதியின்றிக் கொளுத்துவது சட்டவிரோதம். கம்பி மத்தாப்பு வருஷம் முழுக்கச் சரி. வீட்டில் இருபது பேர் கூடுவதாக இருந்தால் ஐந்தாறு நாள் முன்பே நுழைவாயிலில் ஒரு தாள் ஒட்டுங்கள்: என்ன விழா, தேதி, எத்தனை மணி வரை, சத்தம் அதிகமானால் அழைக்க வேண்டிய போன் எண், உங்கள் பெயர். தாள் ஒட்டினால் 10 மணிக்கு மேல் சத்தம் போட உரிமை வந்துவிடாது; போலீஸை அழைப்பதற்கு முன் உங்களை அழைப்பார்கள், அவ்வளவுதான்.

கதவில் புகார்ச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். பகையா?

இல்லை. நமக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அவர்களுக்கு அது நேரடியாகச் சொல்லும் நாகரிக வழி. பதில் சீட்டு எழுதாதீர்கள், சீட்டுப் போர் வருஷக்கணக்கில் ஓடும். மறுநாள் மாலை போய் மணி அடித்து, எந்த நேரம், எந்தச் சத்தம் என்று கேளுங்கள். "இனி சனிக்கிழமை காலையில் அரைக்கிறோம்" என்பது போல ஒன்றை உறுதியாகச் சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். குழந்தை ஓடும் சத்தம் என்றால் நடைவழியில் தடித்த கம்பளம் போட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து "இப்போது பரவாயில்லையா?" என்று நீங்களாகக் கேட்டால் அந்த வீட்டோடு சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் எச்சரிக்கை வந்தால் அது வேறு விஷயம். தேதியோடு பதில் எழுதுங்கள், வாடகைதாரர் சங்கத்தில் ஆலோசனை கேளுங்கள்.

அப்பா அம்மா மூன்று மாதம் வந்து தங்குகிறார்கள். பகலில் தனியாக இருப்பார்கள்.

வந்த வாரமே மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றுக்கும் அழைத்துப் போய் முகம் காட்டுங்கள். மொழி வேண்டாம், வணக்கம் போதும். பகலில் கட்டடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நம் பெற்றோருக்கும் அவர்களுக்கும்தான் நேரம் இருக்கிறது. காலை நடையை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் பத்தாவது நாள் அதே நாய்க்காரர் நின்று கையசைப்பார்.

கதவுக் குமிழ் விஷயத்தை முதல் நாளே செய்து காட்டுங்கள். வெளியே கால் வைக்கும்போது சாவி கழுத்தில் தொங்க வேண்டும். உங்கள் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் ஜெர்மனில் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். யாராவது மணி அடித்துப் பார்சல் கொடுத்தால் வாங்கலாமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பால்கனியில் நின்று ஊருக்கு வாட்ஸ்அப்பில் உரக்கப் பேசுவதை மட்டும் உள்ளறைக்கு மாற்றச் சொல்லுங்கள், குறிப்பாக மதியம். அவர்கள் ஊர் திரும்பும் நாளில் மூன்று வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போகட்டும். கையில் கொடுத்துவைத்த சாவி இருந்தால் அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.